தெற்குத் தீவுக்குப் போகாத குளிர்காலம்

ஏஜென்சி அனுப்பிய ஒப்பந்தத்தை வாசித்தபோது எனக்குச் சந்தோஷமும் வரவில்லை, பயமும் வரவில்லை. தெற்குத் தீவில் ஒரு சின்ன ஊர். அங்கே ஒரு சின்ன ஆஸ்பத்திரி. மூன்று மாதம் மருத்துவ வார்டில் நர்ஸ் வேலை, தங்குவதற்கு வீடும் தருவார்கள். கையெழுத்துப் போட ஒரு வாரம் இருந்தது. ஆக்லாந்தில் எட்டு வருடம் பார்த்த வேலையை விடுவதாக நான் அப்போதுதான் எழுதிக் கொடுத்திருந்தேன்.

கிளென் ஈடன் ஸ்டேஷனிலிருந்து என்னைக் காரில் ஏற்றி வரும்போது கணவர்தான் அந்தக் கதையை எடுத்தார்.

"போறதெண்டால் போம். ஆனா அந்த ஆஸ்பத்திரி எப்பிடியெண்டு விசாரிச்சுப்போட்டுப் போம். இங்க பட்டது காணும்."

ஓம் என்றேன். நான் களைத்துப் போயிருக்கிறேன் என்றுதான் அவர் நினைத்திருந்தார். வேறொன்று இருந்தது. அதை நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

முதலில் ஏஜென்சிப் பெண்ணோடு ஃபோனில் கதைத்தேன். ஒரு நர்ஸுக்கு எத்தனை நோயாளிகள் என்று கேட்டேன். நாளுக்கு நாள் மாறும் என்றாள். வேறு வார்டுகளுக்கு அனுப்புவார்களா என்றதற்கு, தேவைப்பட்டால் என்றாள். எனக்கு முன்னால் இருந்தவர் ஏன் போனார் என்பது அவளுக்குத் தெரியவில்லை. எல்லாவற்றையும் கொப்பியில் எழுதினேன். திருப்பி வாசித்தால் அதில் ஒன்றுமே இருக்கவில்லை. ஆஸ்பத்திரியின் இணையதளத்தில் மலைகள் இருந்தன, சிரித்த முகங்கள் இருந்தன. நர்ஸுகளின் ஃபேஸ்புக் குழுவில் கேட்டேன். அருமையான இடம் என்று சிலர் எழுதினார்கள். ஒருத்தி மட்டும் தனியாகத் தமிழில் செய்தி அனுப்பினாள். போன குளிர்காலத்தில் அங்கே இருந்தேன், எழுத்தில் வேண்டாம், சனிக்கிழமை நேரில் வாருங்கள் என்று.

சனிக்கிழமை வருவதற்குள் அந்த வார்டுக்கே ஃபோன் பண்ணினேன். மத்தியானம் சாய்ந்த நேரம். நெடுநேரம் அடித்த பிறகு ஒரு நர்ஸ் எடுத்தாள். நான் யார், எதற்கு எடுக்கிறேன் என்று சொல்லி முடிப்பதற்குள், ஒரு நிமிடம் என்று ரிசீவரை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். பின்னால் நோயாளிகளின் அழைப்பு மணி அடித்துக்கொண்டிருந்தது. அது நிற்பதற்குள் இன்னொன்று தொடங்கியது. காலடிச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. முன்பெல்லாம் வீட்டில் மைக்ரோவேவ் சத்தம் போட்டாலே வார்டு மணியென்று என் கால்கள் எழும்பிவிடும். அன்று ஃபோனைக் காதில் வைத்தபடி, கொடியில் காய்ந்த உடுப்புகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

திரும்பி வந்தவள் என் கேள்விகளுக்குக் காத்திருக்கவில்லை. திங்கட்கிழமை தொடங்க முடியுமா என்று கேட்டாள். இன்னும் முடிவெடுக்கவில்லை என்றேன். தயவுசெய்து வாருங்கள் என்று மெதுவாகச் சொன்னாள்.

சனிக்கிழமை ரயில் மாறி, நகரின் தெற்குப் பக்கத்தில் இருக்கும் மனுரேவா போனேன். செய்தி அனுப்பியவள் என்னைவிடப் பத்து வயது இளையவள், தமிழ்நாட்டுக்காரி. சரக்குக் கிடங்குகளுக்குப் பின்னால் ஒரு சின்ன வீடு. வாங்க அக்கா என்று கூப்பிட்டு, டீ போட்டுக்கொண்டே தொடங்கிவிட்டாள். முதல் நாள் அரை மணி நேரம் வார்டைச் சுற்றிக் காட்டிவிட்டு நோயாளிகளின் பட்டியலைக் கையில் கொடுத்தார்களாம். அதற்குப் பிறகு பாதி நாட்கள் அவளுக்குப் பழக்கமில்லாத வார்டுகளில்தான் வேலை. தங்கத் தந்த வீட்டில் ஒரே ஒரு அறையில்தான் ஹீட்டர். ஆபத்தான ஒரு ஷிஃப்ட்டைப் பற்றி அவள் எழுதிக் கொடுத்த புகாருக்குப் பதிலே வரவில்லை.

"ஆளுங்க ரொம்ப நல்லவங்க அக்கா. அதான் கஷ்டம். இன்னொரு ஷிஃப்ட் நிக்க முடியுமான்னு கேட்டா, முடியாதுன்னு சொல்ல வாய் வராது."

பிறகு அவள் கேட்டாள், நீங்க ஏன் இங்கிருந்து போறீங்க என்று.

ஒரு மாற்றம் வேண்டும் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு. எங்கள் வார்டில் இரண்டு பேர் குறைவாக இருந்த ஒரு நாள், மூலைக் கட்டிலில் இருந்த ஒரு வயதானவர் மணியை அழுத்தினார். நான் மூச்சு இறங்கிக்கொண்டிருந்த இன்னொருவரோடு நின்றேன். போய்ப் பார்த்தபோது அவர் இறந்திருந்தார். யாருடைய பிழையும் இல்லை என்று பிறகு விசாரித்து எழுதினார்கள். நான் அவர் கண்களை மூடி, அவருடைய மகளுக்கு ஃபோன் பண்ணி, கையைக் கழுவிவிட்டு என் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து சாப்பிட்டேன். சோறும் பருப்பும். உப்பு அளவாக இருந்தது. அன்றைக்கும் அழவில்லை, அதற்குப் பிறகும் இல்லை.

அவள் என் கையைப் பிடிக்கவில்லை. கோப்பையில் இன்னும் கொஞ்சம் டீ ஊற்றினாள்.

"எடம் மாறினா சரியாயிடும்னு நெனச்சுத்தான் நானும் அங்க போனேன். அங்க இன்னும் மரத்துப் போச்சு. திரும்பி வந்துதான் டாக்டர்கிட்ட போனேன்."

வீட்டுக்கு வந்து ஏஜென்சிக்கு எழுதினேன். வேறு வார்டுக்கு அனுப்பக் கூடாது, ஒரு ஷிஃப்ட்டுக்கு இத்தனை நோயாளிகள்தான், முதல் வாரம் என்னோடு கூட நிற்க ஒரு ஆள் வேண்டும். இவற்றை எழுத்தில் தர முடியுமா என்று. எழுத்தில் தருவதற்கில்லை என்று மரியாதையாகப் பதில் வந்தது. அப்படியானால் வரவில்லை என்றேன். தயவுசெய்து வாருங்கள் என்று ஃபோனில் சொன்ன அந்தக் குரல் சில நாட்கள் காதில் இருந்தது. அங்கே வேறு யாராவது போயிருப்பார்கள், அல்லது யாருமே போயிருக்க மாட்டார்கள்.

வரவில்லை என்று எழுதிய அன்று பின்னேரம் கணவர் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது அந்த வயதானவரைப் பற்றிச் சொன்னேன்.

"ஏன் என்னட்டச் சொல்லேல்லை?"

"சொல்லுறதுக்கு ஒண்டும் இருக்கேல்லை. எனக்கு ஒண்டும் செய்யேல்லை. அதுதான் பயமாக் கிடக்கு."

பயம் என்று சொன்னேனே தவிர, அதுவும் அப்போது வெறும் சொல்லாகத்தான் இருந்தது. அவர் அடுப்பை அணைத்துவிட்டு வந்து எனக்கு எதிரே இருந்தார். திங்கட்கிழமை வேலைக்கு லீவு சொல்லிவிட்டு என்னோடு டாக்டரிடம் வந்தார். அறைக்கு வெளியில் இருந்தபடி பழைய சஞ்சிகை ஒன்றை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தார்.

இரண்டு மாதம் எந்த வேலைக்கும் போகவில்லை. இப்போது மாசி என்ற புறநகர்ப் பக்கம் வீடு வீடாகப் போய்ப் புண்களுக்கு மருந்து கட்டுகிறேன். ஒரு நேரத்தில் ஒரு நோயாளி. பெரிதாக ஒன்றும் மாறிவிடவில்லை, ஆனால் சில நாட்களில் எதிரில் இருப்பவர் சொல்வது முழுதாகக் காதில் விழுகிறது. போன கிழமை ஒரு மனிதர் தன் நாய் செத்த கதையைச் சொன்னார். காலில் கட்டுப் போட்டு முடித்த பிறகும், அவர் சொல்லி முடிக்கும்வரை நான் எழும்பவில்லை.