அப்பா ஏற மறுத்த விமானம்

சூரிச்சிலிருந்து லண்டனுக்கு எண்ணூறு கிலோமீற்றர், ஒன்றரை மணித்தியாலத்தில் இறங்கிவிடுவோம் என்று விமானி அறிவித்ததும் அப்பா வாய்விட்டுச் சிரித்தார். முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார். சிறுமியான எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்த எண்ணூறு கிலோமீற்றரைக் கடக்க அப்பாவுக்கு மூன்று வருடம் எடுத்தது என்று அந்த மனிதருக்கு யார் போய்ச் சொல்வது?

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் சுவிஸில் எம்மன்புரூக்கே என்ற ஊரில் இருந்தோம். அப்பாவுக்குப் பக்கத்து நகரமான லுசேர்ணில் ஒரு ஹோட்டல் குசினியில் சமையல் வேலை. எங்கள் அகதி வழக்கு முடியும்வரை நாட்டைவிட்டு வெளியே போக முடியாது. அப்பாவின் ஒரே தங்கையான மாமிக்கு லண்டனில் கலியாணம் பேசி முடித்திருந்தார்கள். மன்னாரில் கத்தோலிக்கரான எங்கள் ஆட்களிடம், தகப்பன் இல்லாத மணப்பெண்ணைக் கைப்பிடித்துப் பீடம்வரை கூட்டிப்போவது மூத்த அண்ணன்தான். அப்பப்பா எப்போதோ இறந்துவிட்டார். ஆகவே அப்பா போயே ஆகவேண்டும்.

வழி இல்லாமல் இல்லை. இன்னொருவரின் பாஸ்போட்டில் படத்தை மட்டும் மாற்றி ஒட்டுவார்கள். தலைமாற்றின பாஸ்போட் என்று பெயர். அப்பாவோடு வேலைசெய்த ஒருவர் வீட்டுக்கே வந்து ஆசை காட்டினார்.

"வெள்ளி பின்னேரம் ஏறினா இரவுச் சாப்பாடு தங்கச்சியோட. ஒண்டரை மணித்தியாலம் கண்ணை மூடிக்கொண்டு இருங்கோ அண்ணை."

அம்மாகூட அரைமனதாகத் தலையாட்டினார். அப்பா தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் வாய் திறந்தார்.

"ஓம், பறக்கிறது ஒண்டரை மணித்தியாலம்தான். பிடிபட்டா என்ர பிள்ளையளின்ர வழக்கும் போச்சு. அதோட, ஆரோ ஒருத்தன்ர பேரில போய் என்ர தங்கச்சியின்ர கையைப் பிடிக்க மாட்டன்."

தனக்காகக் காத்திராமல் கலியாணத்தை முடிக்கச் சொல்லி மறுநாள் மாமிக்குப் போன் எடுத்தார். "நீங்கள் வராம நான் கோயிலுக்குள்ள கால் வைக்க மாட்டன்" என்று சொல்லி மாமி போனை வைத்துவிட்டார். பிடிவாதத்தில் அண்ணனுக்குத் தங்கை சளைத்தவரல்ல. மாப்பிள்ளை வீட்டார் முணுமுணுத்தார்கள். மாப்பிள்ளையோ, "அண்ணை வரட்டும்" என்று காத்திருந்தார். அந்த மனிதரை நினைத்தால் இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

மூன்றாம் வருடம் வழக்கு வென்று, வதிவிட அனுமதியான பி பெர்மிட்டும் பயணப் பத்திரமும் வந்தன. லண்டனில் இறங்கியதும் குடிவரவு அதிகாரி அப்பாவின் பெயரைத் தட்டுத்தடுமாறி வாசித்தார். அப்பா நிமிர்ந்து நின்று, முழுப்பெயரையும் அவசரப்படாமல் சொல்லிக்கொடுத்தார். அவர் மகள் என்பதில் எனக்கு அன்றைக்கு வந்த பெருமை இன்னும் குறையவில்லை.

இப்போது வேலை விஷயமாக அடிக்கடி அதே வழியில் பறக்கிறேன். விமானம் கொஞ்சம் தாமதித்தாலே பக்கத்தில் இருப்பவர்கள் சலித்துக்கொள்வார்கள். எனக்கு மாமியின் ஞாபகம் வரும். அன்று விமான நிலைய வெளிவாசலில் ஓடிவந்து அப்பாவின் தோளில் விழுந்தவர், அழுதுகொண்டே பகிடி விட்டார்.

"என்னண்ணை, பிளேன் சுணங்கிப் போச்சோ?"

"இல்லையடி. பிளேன் நேரத்துக்குத்தான் வந்தது. நான்தான் சுணங்கிப்போனன்."

மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்பாவின் முகத்தையே பார்த்தார்.

"வந்தது நீங்கள்தானே. அது போதும் அண்ணை."