மயக்க மருந்துக்கு முன் ஒரு தொன்னைப் பொங்கல்

எழுபதுகளின் தொடக்கம், மார்கழி மாதம். தி. நகரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நான் மயக்க மருந்து டாக்டராக இருந்தேன். அந்த வாரம் ஆஸ்பத்திரியே கல்யாண வீடு மாதிரி இருந்தது. பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தியின் எடையைக் குறைக்க ஆபரேஷன் செய்யப் போகிறோம்!

அமெரிக்காவில் பயிற்சி பெற்று வந்த எங்கள் சர்ஜன், சிறுகுடலின் பெரும்பகுதியை விலக்கி வைத்துவிட்டு, அதன் தொடக்கத்தையும் முடிவையும் நேராக இணைத்துவிடுவார். சாப்பிடுவதில் கொஞ்சம்தான் உடம்பில் ஒட்டும். மெட்ராஸில் எந்தக் குழந்தைக்கும் இது நடந்ததில்லை என்று அவரே சொன்னார். நாங்கள் யாரும் சரிபார்க்கவில்லை. நம்புவதே குஷியாக இருந்தது.

வார்டு ஆயாவுக்கு மட்டும் சந்தேகம். "இன்னா டாக்டரம்மா, கொடல வெட்டிக் கடாசிடுவாங்களாமே? அப்பால துன்றது எங்க போவும்?"

"வெட்டிப் போட மாட்டாங்க. ஒதுக்கி வைப்பாங்க."

"எங்க மாமியார நாங்க ஒதுக்கி வெச்சிகீறமே, அது மாரியா?"

இதைவிடத் தெளிவாக என் பேராசிரியர்கூட விளக்கியதில்லை.

அந்தப் பெண் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே ஜவுளிக்கடை வைத்திருந்த குடும்பத்தைச் சேர்ந்தவள். படுத்தால் மூச்சு நின்று நின்று வரும். அதனால் உட்கார்ந்தபடியேதான் தூக்கம். மீதித் தூக்கம் வகுப்பறையில். பட்டினி, கஞ்சி, மருந்து எல்லாம் பார்த்தாகிவிட்டது. இதயம் வீங்க ஆரம்பித்திருந்தது. இப்படியே விட்டால் அதிக நாள் தாங்காது என்று சர்ஜன் பெற்றோரிடம் சொல்லியிருந்தார். அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "டாக்டரக்கா, இது முடிஞ்சா மல்லாந்து படுக்கலாம்லா?"

மயக்கம் கொடுக்கும்போது வயிறு காலியாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சாப்பிட்டது மேலேறி நுரையீரலுக்குள் இறங்கும், உயிரே போகலாம். முந்தின நாளே இதைக் குடும்பத்துக்கு விளக்கினேன். காபி கூடாது, தண்ணீர் கூடாது, மிட்டாய் கூடாது. காலையில் மறுபடி கேட்டேன்.

"பச்சத் தண்ணி பல்லுல படல டாக்டரம்மா" என்றார் தாய். அப்பா, பெரியப்பா, அத்தை எல்லாரும் தலையாட்டினார்கள். விதிமுறைகளை ஒன்றுவிடாமல் கடைப்பிடிப்பதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு. திருப்தியாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஆபரேஷன் தியேட்டரில் வேடிக்கை பார்க்கக் கூட்டம். பல் டாக்டர்கூட வந்திருந்தார். அவருக்கு அங்கே என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. பெண்ணைத் தலையணைகளில் சாய்த்து வைத்திருந்தோம். ஊசி போட நரம்பு தேடினேன். அந்தக் கொழுகொழு கையில் கிடைக்கவே இல்லை. கிடைத்திருந்தால் அடுத்த நிமிடம் தூங்கியிருப்பாள், இந்தக் கதையும் வேறு மாதிரி முடிந்திருக்கும். எந்தக் கொழுப்பை ஒழிக்க நாங்கள் திரண்டிருந்தோமோ அதுதான் அன்று அவளைக் காப்பாற்றியது.

சரி, முகமூடி வழியாக வாயு கொடுக்கலாம் என்று அவள் முகத்தருகே குனிந்தேன். "நல்லா மூச்சை இழுத்து விடும்மா."

விட்டாள். பச்சைக் கற்பூரம். ஏலக்காய். நெய்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முதலில் எனக்குப் பசித்தது. பிறகுதான் அவள் வயிறு நினைவுக்கு வந்தது.

"என்ன கண்ணு சாப்பிட்டே?"

"ஒண்ணும் சாப்பிடலக்கா."

"பொங்கல்?"

"அது பிரசாதம்லா! அத்தை விடியக்காலம் திருவல்லிக்கேணி கோயிலுக்குப் போயி வாங்கியாந்தாக. பெரிய தொன்னை. மிச்சம் வைக்கக் கூடாதுன்னாக."

முகமூடியைக் கீழே வைத்தேன். "இன்றைக்கு ஆபரேஷன் இல்லை" என்றேன். சர்ஜனுக்கு முகம் சிவந்துவிட்டது. "இது தியேட்டர் டாக்டர், மடப்பள்ளி இல்லை! வாசனை பிடித்துக்கொண்டு நிற்காமல் ஆரம்பியுங்கள்!"

"இவளைத் தூங்க வைப்பது என் பொறுப்பு. நான் தூங்க வைக்க மாட்டேன்."

அவர் போட்ட சத்தத்தில் குழந்தை பயந்துபோய் எழுந்து உட்கார்ந்தாள். அப்படியே வாந்தி எடுத்தாள். சர்ஜனின் செருப்பின் மேல் முந்திரிப் பருப்பு முழுசு முழுசாகக் கிடந்தது.

பல் டாக்டர்தான் முதலில் வெளியேறினார். சர்ஜன் தன் காலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பஞ்சை எடுத்து அவரே அவள் வாயைத் துடைத்துவிட்டார். "இது மட்டும் உள்ளே இறங்கியிருந்தால்..." என்றார்.

வெளியே வந்து சொன்னதும் அத்தை கொதித்துப் போனார். "சாமி பிரசாதத்தப் போயி சாப்பாடுங்கீகளே! நல்லபடியா முடியணும்னுதானே அந்தக் குளிர்ல வரிசையில நின்னேன்!" சொல்லிக்கொண்டே அழுதுவிட்டார்.

மறுவாரம் ஆபரேஷன் நடந்தது. அன்று வார்டு வாசலில் காவலுக்கு நின்றது அதே அத்தைதான். "திருநீறு நெத்தியில பூசலாம், வாயில போடப்படாது!" என்று வந்த சொந்தங்களையெல்லாம் மிரட்டிக்கொண்டிருந்தார். பெண் பிழைத்தாள், எடை இறங்கியது, படுத்துத் தூங்கினாள். வயிற்றுப்போக்கும் சத்துக்குறைவும் கூடவே வந்து சில வருடம் படுத்தின. அந்த முறையையே உலகம் பிற்பாடு கைவிட்டுவிட்டது. எங்கள் உற்சாகத்தில் பாதி அறியாமை என்று இன்று தெரிகிறது.

ஓய்வு பெறும் நாள்வரை "சாப்பிட்டீர்களா" என்பதோடு நான் நிறுத்தியதே இல்லை. கோயிலுக்குப் போனீர்களா, தீர்த்தம் வாங்கினீர்களா, மாதா கோயிலில் ஏதாவது கொடுத்தார்களா, தர்காவில் தண்ணீர் ஓதிக் கொடுத்தார்களா என்று துருவுவேன். சின்ன டாக்டர்கள் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அன்று காலை அந்தக் குடும்பத்தில் ஒருவர்கூட என்னிடம் பொய் சொல்லவில்லை. அத்தனை பேரும் உண்மையைச் சொல்லியே ஒரு குழந்தையை இழந்திருப்போம்.