உவர் என்று எழுதப்பட்ட புஞ்சை

தருவைகுளத்துக்கு இந்தப் பக்கம் கரி அடுப்பின் வாயுவில் ஓடும் எங்கள் பஸ் நின்றுவிடுகிறது. கண்டக்டர் பின்னால் போய் அடுப்பைக் கிளறுகிறார். இறங்கி நிற்கிறேன்.

சாலையோரப் புஞ்சையில், மண்ணின் தரம் எழுத வந்த சர்வேயர் குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறார். ஒரு பிடி மண்ணை நீர்விட்டுப் பிசைந்து திரி உருட்டுகிறார். திரி உடைகிறது. "களி கம்மி. மணல்சாரி." ஒரு சிட்டிகையை நாக்கில் வைத்துத் துப்புகிறார். "நல்ல உவர்."

புஞ்சைக்காரர் என் பக்கத்தில் திருப்தியாக நிற்கிறார்.

"உவர்லயா இவ்வளவு கம்பந்தட்டை வெளைஞ்சிருக்கு?" என்று கேட்கிறேன்.

"மெதுவாப் பேசும், அண்ணாச்சி. நேத்துதான் உப்பளத்து உப்பைக் கரைச்சு ஊத்துனேன். உவருன்னு எழுதுனாத்தான் தீர்வை கொறையும்."

சர்வேயர் எழுந்து கையை உதறுகிறார். "உவர் நிலத்தையெல்லாம் சர்க்கார் உப்பளத்துக்கு எடுக்கப்போகுது. இதுதான் முதல்ல போகும்."

புஞ்சைக்காரர் புஞ்சைக்குள் இறங்குகிறார். சர்வேயர் மண் எடுத்த இடத்திலேயே தானும் ஒரு கை மண் எடுத்து வாயில் போட்டு, மென்று விழுங்குகிறார்.

"உப்பே இல்லையே, அய்யா."

சர்வேயர் அவர் முகத்தையே பார்க்கிறார். பிறகு தண்ணீர்ச் செம்பை நீட்டுகிறார். புஞ்சைக்காரர் வாங்கி, ஒரே மூச்சில் குடித்து முடிக்கிறார்.