அப்ராஃபியின் கூலி

குமாசி நகரத்தின் வண்டிப் பட்டறைப் பேட்டையான மேகசினில் பெண்களுக்குப் பஞ்சமில்லை. ஃபுஃபுக் களி விற்கிறவர்கள், தண்ணீர்ப் பாக்கெட் சுமக்கிறவர்கள், பழைய உதிரிபாகக் கடைகளில் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறவர்கள் என்று விடிந்ததிலிருந்து நடமாட்டம்தான். ஆனால் வண்டியின் பானெட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டுக்கொண்டு நிற்கிற பெண் அந்த வரிசையிலேயே அப்ராஃபி ஒருத்திதான். அவள் குனிந்திருக்கும்போது பின்னாலிருந்து வருகிறவர்கள், "தம்பி, மாஸ்டர் இருக்காரா?" என்று கேட்பார்கள். அவள் நிமிர்ந்ததும் சிரிப்பார்கள். அவளும் சிரித்துவைப்பாள்.

மாஸ்டர் ஜிமாவின் பட்டறையில் வண்டி வயரிங் பழகச் சேர்ந்தபோது அவளுக்கு இருபது வயது. அவளுடைய அம்மா ஒரு ஜின் பாட்டிலையும் சேர்ப்புப் பணத்தையும் கொண்டுவந்து வைத்து, "இனிமே இவ உங்க பிள்ளை" என்று சொல்லிவிட்டுப் போனாள். பேச்சு மூன்று வருடத்துக்கு. மூன்று முடிந்து ஐந்தும் முடிந்தது. மாஸ்டர் அவளுக்கு விடுதலை கொடுக்கவில்லை.

குமாசியில் கைத்தொழில் பழகுகிற எல்லோருக்கும் விடுதலை நாள் ஒன்று உண்டு. பழகியவர் ஆடு, குடிவகை, பணம் எல்லாம் கொண்டுபோய் வைப்பார். மாஸ்டர் பிரார்த்தனை செய்து, தலையில் பவுடர் கொட்டி, நாலு பேர் முன்னால் "இனி இவன் கை இவனுடையது" என்று சொல்லுவார். அதுவரைக்கும் செய்கிற வேலை மாஸ்டரின் வேலை, வருகிற கூலி மாஸ்டரின் கூலி. சாப்பாட்டுக்கு அவராகப் பார்த்துக் கொடுத்தால் உண்டு.

அப்ராஃபி கேட்கும்போதெல்லாம் மாஸ்டரிடம் ஒரு காரணம் இருந்தது. ஈஸ்டர் போகட்டும் என்பார். மழை நிற்கட்டும் என்பார். அவளுக்குப் பின்னால் வந்து சேர்ந்த பையன்கள்கூட பவுடர் பூசிக்கொண்டு போய்விட்டார்கள். அவள் பட்டறையைக் கூட்டினாள், மாஸ்டரின் சட்டைகளைத் துவைத்தாள், மீதி நேரத்தில் மற்றவர்களால் முடியாத வண்டிகளைச் சரிசெய்தாள். எரிந்த வயர் எங்கே என்று அவள் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டால் அதற்கும் ஒரு பேச்சு இருந்தது. மாஸ்டரிடம் சம்பளத்துக்கு இருந்த சாஃபோ சொல்லுவான்: "கண்டுபிடிக்காம இருப்பாளா? அடுப்புல தீயற வாசனை பொம்பளைக்குப் பழக்கமாச்சே!"

ஒருநாள் வாடிக்கையாளர்கள் உட்கார்ந்திருக்கும்போதே சாஃபோ தன் கிரீஸ் கையை அவள் ரவிக்கையின் முன்புறத்தில் நிதானமாகத் துடைத்தான். அவள் மாஸ்டரிடம் போய்ச் சொன்னாள். மாஸ்டர் முதலில் அந்தக் கறையைப் பார்த்தார், பிறகு சிரித்தார்.

"கிரீஸ் படாத துணி வேணும்னா போஃப்ரோட் பணியாரம் சுட்டு வித்துப் பொழைச்சுக்கோ. மாவு மட்டும்தான் ஒட்டும்."

மறுநாள் காலை அவள் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை.

போகாமல் இருப்பது சுலபமாக இருந்தது. அதற்குப் பிறகு சாப்பிடுவதுதான் கஷ்டமாக இருந்தது. லாரி நிறுத்தத்துக்குப் பக்கத்தில் டுஃபி அக்காவின் ஃபுஃபுக் கடைக்குப் பின்னால் நிழலில் உட்கார்ந்து, ஹாரன் அடிக்காத டாக்சிகளையும் விளக்கு எரியாத மோட்டார் சைக்கிள்களையும் பார்த்துக்கொடுத்தாள். டிரைவர்கள் சில்லறை கொடுத்தார்கள், சிலர் நன்றி மட்டும் சொன்னார்கள். டுஃபி அக்காவுக்குச் சாலையோரம் பூட்டிய பெட்டிக்கடை ஒன்று இருந்தது. நல்ல இடம், எல்லா வண்டியும் திரும்புகிற முனை.

"ஒரு வருஷ வாடகைய மொத்தமாக் குடு, சாவியத் தர்றேன்" என்றாள் டுஃபி அக்கா. "போன் கடை போடறேன்னு ஒருத்தன் தெனமும் வந்து நிக்கிறான். உனக்காகத்தான் நிறுத்திவெச்சிருக்கேன். திங்கக்கிழமை சாயந்தரம் வரைக்கும் பாப்பேன்டி, அதுக்கு மேல என்னால முடியாது."

அந்த வாடகையைக் கட்டிவிடலாம் என்ற நம்பிக்கையை அப்ராஃபிக்குக் கொடுத்தது அம்போன்சா பெரியவரின் மினி பஸ். டாஷ்போர்டுக்குக் கீழே வயர் கட்டு முழுவதும் எரிந்து போயிருந்தது. அவருடைய டிரைவர் அவளைப் பட்டறை நாளிலிருந்தே அறிந்தவன். வேறு யாரிடமும் போகாமல் வண்டியை நேராக அவளிடம் இழுத்துக்கொண்டு வந்துவிட்டான். வயர்க் கடைக்காரர் ஃபிரிம்பாங் கடனுக்குச் சரக்குக் கொடுத்தார். அவள் பழைய வயரையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒவ்வொன்றாக இழுத்தாள். அந்தக் கூலி பெட்டிக்கடைக்கும் ஃபிரிம்பாங்குக்கும் சரியாக இருக்கும்.

வேலை நடக்கும்போது அம்போன்சா ஒருநாள் பார்க்க வந்தார். தேவாலயத்தில் மூப்பர், நிதானமான மனிதர்.

"உன் மாஸ்டர் சௌக்கியமா?" என்று கேட்டார்.

சண்டை போட்டுக்கொண்டு வந்த கதையைச் சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவாரோ என்று அவளுக்குப் பயம். "சௌக்கியம்தாங்க" என்றாள்.

அந்த ஒரு சொல் அவ்வளவு தூரம் போகும் என்று அப்போது அவளுக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கூலிக்காக அவர் வீட்டுக்குப் போனாள். அம்போன்சா வெள்ளைத் துணியைத் தோளில் போர்த்திக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். அவளைக் கண்டதும் முகம் மலர்ந்தார்.

"வாம்மா, உக்காரு. வண்டி என்னமா ஓடுது தெரியுமா? ஹெட்லைட் போட்டா எதிர்ல வர்றவன் திட்டறானாம், அவ்வளவு வெளிச்சம்!"

"சந்தோஷங்க ஐயா. அந்தக் கூலி விஷயமாத்தான்..."

"அது வெள்ளிக்கிழமையே முடிஞ்சுபோச்சே."

அப்ராஃபிக்குப் புரியவில்லை. "யார்கிட்ட குடுத்தீங்க?"

"யார்கிட்ட குடுப்பாங்க? உன் மாஸ்டர் கையில. சும்மா குடுக்கலை, கூட ஒரு ஜின் பாட்டிலும் வெச்சேன். 'நல்ல பிள்ளையத் தயார் பண்ணியிருக்கீங்க'ன்னு சொன்னேன். ரொம்ப மரியாதையா வாங்கிக்கிட்டாரு."

"நான் இப்ப அவர்கிட்ட இல்லைங்க. வெளிய வந்துட்டேன்."

"அப்படியா! விடுதலை ஆயிருச்சா? எனக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பலையே?"

"ஆகலைங்க. நானாத்தான் வந்தேன்."

அம்போன்சா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். கோபப்படவில்லை, மனம் நொந்தவர் போலத்தான் பேசினார்.

"அப்போ நான் வேற என்னம்மா செஞ்சிருக்கணும்? உன் கையில குடுத்திருந்தா நாளைக்கு ஜிமா வந்து, 'பெரியவரே, என் பிள்ளையோட உழைப்ப என் முதுகுக்குப் பின்னால வாங்கிட்டீங்களே'ன்னு கேட்பாரு. நான் மூஞ்சிய எங்க வெச்சுக்குவேன்? அதுக்குத்தானே அன்னிக்கே கேட்டேன், மாஸ்டர் சௌக்கியமான்னு?"

ஏமாற்றுகிறவராக இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பாள், ஊரைக் கூட்டியிருப்பாள். இவர் ஒரு காசும் குறைக்காமல், மேற்கொண்டு ஒரு பாட்டிலும் வைத்துக் கொடுத்திருக்கிறார். இரண்டாவது முறை எங்கிருந்து கொடுப்பார்? சாப்பிட்டுவிட்டுப் போ என்று அவர் சொன்னதைக்கூட அவள் காதில் வாங்காமல் எழுந்து வந்துவிட்டாள்.

திங்கட்கிழமை பட்டறைக்குப் போனாள். சாஃபோதான் முதலில் பார்த்தான்.

"அடடே, முதலாளியம்மா! டேய், யாராவது நாற்காலியத் தொடைச்சுப் போடுங்கடா. போஃப்ரோட் சூடா இருக்கா மேடம்?"

மாஸ்டர் ஜிமா பெட்ரோலில் கை கழுவிக்கொண்டிருந்தார். துணியில் விரல் விரலாகத் துடைத்து முடிக்கும்வரை அவளைப் பார்க்கவில்லை.

"மாஸ்டர், அம்போன்சா ஐயா குடுத்தது..."

"இருக்கு. நான் என்ன திருடனா?" உள்ளே போய் ஒரு உறையை எடுத்துவந்து, நின்றிருந்த வண்டியின் பானெட் மேல் வைத்தார். "பாத்துக்கோ. பிரிக்கக்கூட இல்லை."

அப்ராஃபி கையை நீட்டினாள்.

"எடுத்துக்கோ, எடுத்துக்கிட்டுப் போ. ஆனா நாளைக்கு எவனாவது வந்து, அப்ராஃபி உங்ககிட்ட பழகினவளான்னு கேட்டா, அப்படி ஒருத்திய எனக்குத் தெரியாதுன்னு சொல்லுவேன். அப்புறம் உன்னை நம்பி எவன் சாவி தர்றான்னு பாக்கலாம்."

நீட்டிய கை நின்றது. "அஞ்சு வருஷம் இங்கதானே மாஸ்டர் கிடந்தேன்."

"இல்லேன்னு யாரு சொன்னா? ஆடு எங்க? பாட்டில் எங்க? எனக்கு வெக்கவேண்டிய பணம் எங்க? இந்த உறைய இப்படியே விட்டுட்டா எல்லாத்துக்கும் சரியாப்போச்சு. இன்னிக்கே, இப்பவே உன் தலையில பவுடர்."

"பாதியாவது குடுங்க மாஸ்டர். வயர்க் கடையில கடன் நிக்குது."

"விடுதலையில பாதி ஏது? எப்படி, ஒரு கைய மட்டும் விட்டுடவா? வலது வேணுமா, இடது வேணுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்துப் பட்டறையில் தகரம் தட்டிக்கொண்டிருந்தவன்கூடத் தட்டுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தான்.

அப்ராஃபி உறையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதை எடுத்தால் இன்று மாலை பெட்டிக்கடை அவளுடையது. கதவைத் திறந்துவைத்து உள்ளே உட்காரலாம். ஆனால் அங்கே வருகிற ஒவ்வொருவனும் வேலையை அவளிடம் வாங்கிக்கொண்டு கூலியை இங்கே கொண்டுவந்து வைப்பான். நல்லவனாக இருந்தால் கூடவே ஒரு பாட்டிலும் வைப்பான். எடுக்காவிட்டால் கடை இல்லை, கடன் இருக்கிறது, ஆனால் இனிமேல் செய்கிற வேலை அவளுடையது. எப்படிப் பார்த்தாலும் ஒன்று போகத்தான் போகிறது.

அவள் உறையை ஒற்றை விரலால் அவர் பக்கம் தள்ளினாள்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. யாரோ ஓடிப்போய்ப் பவுடர் டப்பா வாங்கிவந்தார்கள். நாற்காலியைத் துடைத்து அவளை உட்காரவைத்தார்கள். பக்கத்துப் பட்டறைக்காரர்கள் கூடினார்கள், தண்ணீர்ப் பாக்கெட் விற்கிற பெண்கள் தட்டை இறக்கிவைத்துவிட்டு நின்றார்கள். மாஸ்டர் தொப்பியைக் கழற்றினார். அவர் நன்றாகப் பிரார்த்தனை செய்வார். அது மேகசினில் எல்லோருக்கும் தெரியும்.

"ஆண்டவரே, இந்தப் பிள்ளையோட காது நல்ல காது. செல்ஃப் மோட்டார் சத்தத்த வெச்சே கோளாறு எங்கன்னு சொல்லிடுவா. நான் கைவிட்ட வண்டிய இவ ஓடவெச்சிருக்கா. அத நான் யார்கிட்டயும் சொன்னதில்லை, உமக்குத் தெரியும். பொய் பேசமாட்டா. ஒரு திருகாணிகூட இங்கிருந்து எடுத்துட்டுப் போனதில்லை. இவ கை இனி இவளோடது. அந்தக் கைக்குக் கூலி தவறாம வரணும்."

பவுடர் தலையிலும் முகத்திலும் கொட்டியது. அப்ராஃபி அழுதாள். ஐந்து வருடத்தில் அந்த வாயிலிருந்து அவளைப் பற்றி வந்த முதல் நல்ல வார்த்தைகள் அவை. இதில் ஒன்றை, ஒரே ஒன்றை, அன்றைக்கு அந்தக் கறையோடு வந்து நின்றபோது சொல்லியிருந்தால் அவள் போயிருக்கவே மாட்டாள். அப்படி நினைத்ததும் தன் மீதே அவளுக்கு வெறுப்பு வந்தது. இந்த மனிதருக்காகவா அழுகிறோம் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். கண்ணீர் நிற்கவில்லை. பவுடர் கன்னத்தில் பசையாக இறங்கியது.

"சந்தோஷத்துல அழுவுறா பாரு" என்றாள் ஒரு பெண். சாஃபோதான் எல்லோரையும்விடச் சத்தமாகக் கைதட்டினான்.

லாரி நிறுத்தம் வரைக்கும் வழியெல்லாம் வாழ்த்தினார்கள். டாக்சிக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். டுஃபி அக்கா கடைக்குள்ளிருந்து ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள்.

"அடி என் தங்கமே! விடுதலையா? கடைசியில அந்தக் கஞ்சன் குடுத்துட்டானா!" கட்டிக்கொண்டபடியே இடுப்புத் துணி முடிச்சிலிருந்து சாவியை அவிழ்த்தாள். "பணம் கொண்டாந்தியா?"

அப்ராஃபி இல்லையென்று தலையை ஆட்டினாள். "அந்தப் பணத்தக் குடுத்துத்தான்க்கா இது."

டுஃபி அக்காவின் கை சாவியோடு அப்படியே நின்றது. கடை பெஞ்சில் போன் கடைக்காரன் உட்கார்ந்திருந்தான். மடியில் ஒரு பை. அவன் எதுவும் கேட்காமல் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னும் கொஞ்ச நாள்..." என்று அப்ராஃபி ஆரம்பித்தாள்.

"என் பிள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடம் தொறக்குதுடி." டுஃபி அக்கா அவள் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னாள். "நான் என்ன பண்ணுவேன், சொல்லு."

"சரிக்கா."

சாவி போன் கடைக்காரனிடம் போனது. அவன் எழுந்து அப்ராஃபிக்குக் கைகொடுத்தான், நல்லபடியாக வாழ்த்தினான். டுஃபி அக்காவுக்கு மனம் கேட்கவில்லை போலிருக்கிறது. கல்லாவிலிருந்து ஐந்து சீடிப் பண நோட்டு ஒன்றை எடுத்து, விடுதலையான பிள்ளைக்குச் செய்கிற வழக்கப்படி அவள் நெற்றியில் ஒட்டினாள். ஈரப் பவுடரில் அது பிடித்துக்கொண்டது.

அப்ராஃபி அதை எடுக்காமல் சாலைக்கு வந்தாள். எதிர்ப்பக்கம் வயர்க் கடை ஃபிரிம்பாங் படியில் நின்றிருந்தார். அவளைப் பார்த்ததும் இரண்டு கையையும் தூக்கினார்.

"ஆயெக்கோ, மேடம்! நல்லா உழைச்சே!" என்று கூவினார். பிறகு குரலைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டு, "இன்னிக்கு ஒண்ணும் பேச வேணாம். நாளைக்குக் காலையில வர்றேன்" என்றார்.

உழைத்தவருக்குச் சொல்கிற அந்த வாழ்த்துக்கு, ஏற்றுக்கொண்டேன் என்று பதில் சொல்லாமல் போகக் கூடாது.

"யா யே" என்றாள் அப்ராஃபி.