சிறுசேரி வேனும் என் குடல் பாக்டீரியாவும்

கண்ணும் காலும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் எனக்கு வேன் ஓட்ட லைசென்ஸ் கொடுத்தார்கள்; வயிற்றைப் பற்றி யாரும் கேட்கவில்லை. தினமும் காலையில் தாம்பரத்திலிருந்து சிறுசேரிக்குப் பன்னிரண்டு ஐடி ஊழியர்களை ஏற்றிப்போகிறேன். என்னைப் போலவே நேரங்காலம் இல்லாமல் வயிறு முறுக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வழியில் எந்தக் கழிப்பறை திறந்திருக்கும் என்பது நமக்கெல்லாம் மனப்பாடம்.

மேடவாக்கம் பங்க்

ஒருநாள் மேடவாக்கம் வரும்போது வயிறு சுருட்டிப் பிடித்தது. பெட்ரோல் பங்க்கில் வேனை நிறுத்திவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் ஓடினேன். அந்த மாதத்தில் அது நாலாவது ஓட்டம். திரும்பி வந்தால் எல்லாரும் உர்ரென்று உட்கார்ந்திருந்தார்கள். முன் சீட் விஜி மேடம் குரலை உயர்த்தாமல் சொன்னார்: "அண்ணா, இன்னொரு தடவை லேட்டாச்சுன்னா கான்ட்ராக்டர்கிட்ட வேற டிரைவர் கேட்போம்."

என் வைத்தியம்

பயம் வந்துவிட்டது. இதைவிட்டால் எனக்கு வேறு வேலை தெரியாது. நேராக மெடிக்கல் ஷாப்புக்குப் போனேன். போன வருஷம் கடுமையான பேதி வந்தபோது ஒரு டாக்டர் எழுதிக்கொடுத்த ஆன்டிபயாடிக்கை, வயிறு கடமுடா என்றாலே ரெண்டு வாங்கிப் போடுவேன், நின்றதும் விட்டுவிடுவேன். அப்படி ஒரு புத்திசாலி நான். கடைக்காரர் செல்வம் என் தலையைப் பார்த்ததுமே மாத்திரை அட்டையை வெட்டினார். "வாண்ணா, உனக்குன்னு தனியா எட்த்து வச்சிகீறேன்."

ரிப்போர்ட் நார்மல்

அதற்கும் கேட்கவில்லை. குடல் டாக்டரம்மாவிடம் போனேன். எல்லா ரிப்போர்ட்டும் நார்மல். எரிச்சலாக வந்தது, நார்மல் என்றால் நான் ஏன் ஓடுகிறேன்? இது ஐபிஎஸ், அதாவது பரிசோதனையில் ஒன்றும் தெரியாமலே குடல் முரண்டு பிடிக்கும் கோளாறு என்றார். குடலுக்குள் கோடிக்கணக்கில் பாக்டீரியா குடியிருக்கிறதாம், அதில் நமக்காக உழைப்பவையும் ஏராளமாம். "அந்தப் பேதியிலயும், நீங்களா போட்ட மாத்திரையிலயும் அதுங்க கலைஞ்சு போயிருக்கலாம். அது ஒண்ணுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா இனிமே நீங்களா ஆன்டிபயாடிக் போட்டீங்கன்னா என்கிட்ட வராதீங்க, சார்."

பத்து நிமிஷம்

அன்றே செல்வத்துக்கு ஒரு கும்பிடு போட்டேன். டாக்டரம்மா சொன்னபடி, என்ன சாப்பிட்டேன், எப்போது வலித்தது என்று நோட்டில் எழுதி, ஒத்துக்கொள்ளாததை நிறுத்தினேன். ஓட்டம் குறைந்தது, நிற்கவில்லை. என்ன ஆனாலும் வேலையை விடுவதில்லை என்று முடிவு கட்டினேன். ஒரு காலை வேன் படியில் நின்று, வெட்கத்தை விட்டு எல்லாரிடமும் சொன்னேன்: "எனக்குக் குடல்ல பிரச்சனை. நாளையிலேர்ந்து பத்து நிமிஷம் முன்னாடி கிளம்பலாம். மேடவாக்கம் பங்க்ல நிறுத்துவேன். லேட்டாகாது, அதுக்கு நான் பொறுப்பு."

மறுநாள் எல்லாரும் நேரத்துக்கு வந்தார்கள். பங்க்கில் இருப்பது ஒரே கழிப்பறை. நான் சீட் பெல்ட்டைக் கழற்றுவதற்குள் விஜி மேடம் கதவைத் திறந்துகொண்டு ஓடினார். "அண்ணா, நீங்க அப்புறம் போங்க. நான் ரெண்டு வருஷமா அடக்கிட்டு வர்றேன்!"

ஆக, எனக்கு வேலை போகவில்லை, வரிசையில் இடம்தான் போனது.