மயில் கேட்ட சுவர்

பீங்கான் வேலையில் பூசும் நிறம் ஒன்று, சூளையிலிருந்து வரும் நிறம் வேறு. அந்தத் தூசியில் என்னோடு வேலை பார்த்த உங்களுக்குத் தெரியாததல்ல. என் மனைவி செல்வியைக் கடைசியாக உயிரோடு பார்த்தது ஆஸ்பத்திரி வார்டில். காரை பெயர்ந்த சுவரைக் காட்டி ஏதோ சொன்னாள். பார்வை நேரம் முடிந்ததென்று மணி அடித்தார்கள். என்னவென்று கேட்காமல் வந்துவிட்டேன். அவள் வரைந்த படத்திலும் எனக்கு அப்படித்தான் ஆனது.

சூளைக்கு முன்னும் பின்னும்

அறுபதுகளின் கடைசி. விருத்தாசலத்தில் ஒரே கம்பெனியில் நான் பீங்கானுக்குப் பூசும் கிளேஸ் கலக்க, அவள் தினக்கூலிக்குக் கோப்பைகளில் பூப் போடுவாள். ஆபீஸ் முன்சுவருக்கு மயில் வேண்டுமென்றார் முதலாளி. அவள் பன்னிரண்டு ஓடுகளில் மேலே கறுப்புத் திட்டு, நடுவில் சிவப்புப் பட்டை, அடியில் பச்சைக் கோடு ஒன்று போட்டு வைத்தாள்.

யூனியன் ராமலிங்கம் பார்த்தார். கறுப்பு முதலாளி, சிவப்பு நம் கொடி, அடியில் நசுங்கிக் கிடப்பது தொழிலாளி என்று டீக்கடை வரை சொல்லிவிட்டார். சூளையில் வெந்ததும் சிவப்பு, மண் நிறமாகிவிட்டது. அவர் அசரவில்லை.

"கொடியையே சூளையில போட்டு மண்ணாக்கிட்டாங்க பாத்தீங்களா, அதான் சேதி."

முதலாளி அறையில்

பேச்சு மேலே போனது. முதலாளி ஓடுகளைத் தரையில் பரப்பிவிட்டு என்னைக் கூப்பிட்டார். நூலகத்தில் பத்திரிகை படிப்பவன், அவள் புருஷன் வேறு என்பதால் படத்துக்கு என்ன அர்த்தம் என்று என்னைக் கேட்டார். தன்னைக் கேலி செய்யும் படமென்றால் ஓடுகளை உடைத்துவிடலாம், செல்வியும் நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்.

மழைங்க ஐயா என்றேன். மேலே மேகம், நடுவில் நனைந்த மண், கீழே முளைக்கிற பயிர். படத்தைச் சுற்றி இரண்டு முறை நடந்தார்.

"மழைன்னா சரி. ஒரு ஓரமா மயிலையும் நிறுத்தியிருக்கலாமேய்யா."

ரயில்வே கேட்டில்

சாயங்காலம் வீட்டுக்குப் போகும் வழியில் கேட் போட்டிருந்தார்கள். நான் மழை பெய்வித்த கதையைச் செல்வியிடம் பெருமையாகச் சொன்னேன். கூட்ஸ் வண்டி முழுக்கப் போனது.

பிறகு மெதுவாகச் சொன்னாள். கம்மாபுரம் பக்கம் நிலக்கரிச் சுரங்கத்துக்கு எடுத்துக்கொண்ட, அவள் அப்பாவின் நிலம்தான் அந்தப் படம். அடியில் கிடந்த கறுப்பு மேலே வந்துவிட்டது, மேலே இருந்த பயிர் அடியில் போய்விட்டது. ராமலிங்கம் அண்ணனாவது பாதி கிட்டத்தில் வந்தார் என்றாள். போய் உண்மையைச் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன்.

"வேணாங்க, இருக்கட்டும். மழைன்னாதான் அது செவுத்துல நிக்கும்."

ஊருக்கெல்லாம் அர்த்தம் சொன்ன நான் வரைந்தவளை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பன்னிரண்டு ஓடுகளில் ஒன்பது இன்னும் அந்தச் சுவரில் இருக்கின்றன.