அத்தானுக்கு வந்த புதுக்கால்

என் அக்காவின் கணவருக்கு இடது கால் முழங்காலுக்கு மேலேயே முடிந்துவிடும். ராணுவத்தில் இருந்தபோது, வடக்கு எல்லையில் பனி உருகிக்கொண்டிருந்த ஒரு சரிவில் கண்ணிவெடியை மிதித்துவிட்டார். அதை வைத்தது எதிரியா, நம் ஆட்களா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. பனியோடு நகர்ந்து வந்திருக்கலாம் என்றார்கள். யாராவது பரிவாக இதைப் பற்றிக் கேட்டால் அத்தான், "மிதிக்கிறப்போ நான் ஊர் பேர் விசாரிக்கலைங்க, அதுவும் சொல்லலை" என்பார். கேட்டவர் மேற்கொண்டு என்ன பேசுவதென்று தெரியாமல் விழிப்பார். அப்படி விழிக்கவைப்பதில் அத்தானுக்கு ஒரு சந்தோஷம்.

அப்போது அவர்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. அப்பாவும் அக்காவும் ரயிலேறி ராணுவ ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கட்டிலருகே அக்கா போய் நின்றதும் அத்தான் சொன்ன முதல் பேச்சு, "கவலைப்படாதே, இனிமே ஒரு ஜோடி சாக்ஸ் வாங்கினா எனக்கு ரெண்டு ஜோடி கணக்கு."

அக்கா அவரை ஓங்கி அறைந்துவிட்டாள். பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். வார்டில் இருந்த கையில்லாதவர்கள், கண்ணில் கட்டுப்போட்டவர்கள், எல்லோரும் இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார்களாம். "எல்லாம் சின்னச் சின்னப் பசங்கம்மா" என்பதோடு அப்பா அந்தக் கதையை நிறுத்திக்கொள்வார்.

அன்றிலிருந்து அத்தானின் காலைப் பற்றிய நகைச்சுவைக்கு அக்கா சிரிப்பதில்லை. அவரும் விடுவதாயில்லை. கல்யாணத்துக்குக் கால்கட்டு என்று பெயர் வைத்தவன் தன்னைப் பற்றி யோசிக்கவில்லை, தனக்குக் கால் போய்க் கட்டு மட்டும் மிச்சம் என்று உறவுக்காரர்கள் கூடும் இடமெல்லாம் சொல்லுவார். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விடுவாள். ஆனால் ராத்திரி செயற்கைக் காலைக் கழற்றியதும் அந்தக் குறைக்காலைத் துடைத்து, புண் இருக்கிறதா என்று பார்த்து, பவுடர் போட்டுவிடுவது அவள்தான். அந்த வேலையை எத்தனையோ வருஷங்களாக ஒருவரிடமும் அவள் விட்டதில்லை.

ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டுக்குப் பக்கத்தில் அவர்கள் வீடு. மாடியில் நான். துவாக்குடியில் ஒரு பொறியியல் கல்லூரியில் இயந்திரவியல் பாடம் நடத்துகிறேன். என் துறையில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஒரு பெண், மோட்டார் வைத்த செயற்கை முழங்கால் ஒன்றைச் செய்திருந்தாள். அதைப் போட்டு நடந்து காட்ட ஆள் தேடினாள். நான் அத்தானிடம் கேட்டேன்.

"ஏம்மா, நீ காலேஜ்ல பாடம் நடத்துறேன்னுல்ல நெனச்சேன். எலி பிடிச்சுக் குடுக்கிற வேலையும் உண்டா?"

"உங்களுக்கு இஷ்டம் இல்லேன்னா வேண்டாம் அத்தான்."

"எலிக்கு மத்தியானம் சாப்பாடு உண்டான்னு கேட்டுச் சொல்லு."

அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. பழைய கால் நன்றாகத்தானே இருக்கிறது என்றாள். அது அவ்வளவு நன்றாக இல்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஷூ போட்டால்தான் அதில் நேராக நிற்க முடியும், கழற்றினால் பின்பக்கம் சாய்வார். ஒருமுறை கோயில் வாசலில் செருப்புப் பார்த்துக்கொள்பவர் விவரம் தெரியாமல் ஷூவைக் கழற்றச் சொல்ல, அத்தான், "கழட்டினா காலோட சேந்து வரும். ஒரு டோக்கனா, ரெண்டு டோக்கனா?" என்றார். அந்த மனிதர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். அன்றைக்குத் தரிசனம் கிடைத்தது, ஆனால் அதற்குப் பிறகு அக்கா அவரைக் கோயிலுக்குக் கூப்பிடுவதை விட்டுவிட்டாள்.

அக்கா சொன்னதைக் கேட்காமல் என்னோடு கல்லூரிக்கு வந்த அத்தான், ஆராய்ச்சிப் பெண்ணை முதல் நாளே டாக்டரம்மா என்று கூப்பிட ஆரம்பித்தார்.

"இன்னும் டாக்டர் ஆகலை அங்கிள்."

"என் காலைப் பிடிச்சுத்தானே ஆகப் போறீங்க? இப்பவே கூப்பிட்டுப் பழகிக்கிறேன்."

அந்த நேரம் அவள் நிஜமாகவே அவர் காலைப் பிடித்துத் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தாள். சிரித்ததில் திருகாணி கீழே விழுந்து உருண்டு, நாங்கள் மூவரும் மேஜைக்கடியில் தேடினோம்.

ஆரம்பத்தில் அந்தக் கால் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. நில் என்றால் மடங்கும், மடங்கு என்றால் விறைத்து நிற்கும். ஒருநாள் துறைத்தலைவர் பார்க்க வந்தபோது தானாக முன்னால் உதைத்து, அவருடைய நாற்காலியைச் சுவரோரம் தள்ளிவிட்டது. "எனக்கு முன்னாடியே இது பரேடுக்குத் தயாராயிருச்சு சார்" என்று அத்தான் சமாளித்தார். கம்பிகளைப் பிடித்து நடந்து, விழுந்து, வியர்த்து, வலி தாங்காமல் உதட்டைக் கடித்ததையும் நான் பார்த்தேன். அதையெல்லாம் வீட்டில் சொல்லக் கூடாது என்பது எனக்கு அவர் போட்ட நிபந்தனை.

ஒருநாள் ஓய்வு நேரத்தில் இந்த மாதிரிக் கால்களை முதலில் யார் செய்தார்கள் என்று கேட்டார். அவள் உற்சாகமாக லேப்டாப்பைத் திறந்து தன்னுடைய கருத்தரங்கப் படங்களைக் காட்டினாள். மரக்காலிலிருந்து தொடங்கிற்று. உலகப் போர்க் காலத்துப் படம் ஒன்றில், ஆஸ்பத்திரி முற்றத்தில் ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லோருக்கும் கால்சட்டையின் ஒரு பக்கம் மடித்து ஊசி குத்தப்பட்டிருந்தது.

"ஒவ்வொரு பெரிய போருக்கு அப்புறமும் இந்தத் துறை வேகமா வளந்திருக்கு அங்கிள். கால் இழந்தவங்க ஆயிரக்கணக்கில திரும்பி வந்ததால அரசாங்கங்கள் பணம் போட்டாங்க. போர்தான் எங்களுக்குப் பெரிய தூண்டுதல்."

அத்தான் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "தூண்டினவங்க யாரும் சிரிக்கவே இல்லியே" என்றார்.

அவள் அவசரமாக அடுத்த படத்துக்குப் போனாள். பேச்சை மாற்ற நினைத்து, இந்தக் கால் எப்படிச் சாய்கிறது என்று சொல்லும் சென்சாரைப் பற்றி விளக்கினாள். அதன் மூதாதை ஏவுகணைக்கு வழிகாட்டச் செய்யப்பட்டது என்று அதிலும் வந்து மாட்டிக்கொண்டாள்.

"அப்போ ஊர் தேடிப் போயி விழுந்ததெல்லாம் இப்ப ஸ்ரீரங்கத்தில எனக்குப் படி காட்டப் போகுதா? பரவாயில்ல, திருந்திருச்சு" என்று அத்தான் விழுந்து விழுந்து சிரித்தார்.

வீட்டில் சாப்பிடும்போது இதையும் சிரித்துக்கொண்டே சொன்னார். அக்கா ரசம் ஊற்றிக்கொண்டிருந்தவள், கரண்டியைப் பாத்திரத்தில் போட்டுவிட்டு எழுந்து போனாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் சாப்பிட வந்தாள். அக்கா குறையில்லாமல் பரிமாறினாள். இரண்டாவது தடவை சாதம் போடும்போது கேட்டாள்:

"ஏம்மா, சண்டையே வராம இருந்திருந்தா இந்தக் கால் வந்திருக்காதா?"

அந்தப் பெண் கொஞ்சம் யோசித்தாள். பொய் சொல்லத் தெரியாத பெண். "வந்திருக்கும் ஆன்ட்டி. கொஞ்சம் லேட்டா வந்திருக்கும்."

"லேட்டா வரட்டுமே. எங்களுக்கு என்ன அவசரம்? இவருக்குத்தான் கால் இருந்திருக்குமே."

அந்தப் பெண் இலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கண் கலங்கிவிட்டது என்று நினைக்கிறேன். அத்தான்தான், "சாம்பார் ஆறுது டாக்டரம்மா, சாப்பிடுங்க. இவ இப்படித்தான், சாப்பாட்டையும் போட்டு வைவா பரீட்சையும் வச்சிருவா" என்றார். அக்கா அவளுடைய தலையை ஒருமுறை தடவிவிட்டு அப்பளம் எடுக்கப் போனாள்.

கடைசிக் கட்டமாக வெளியே நடந்து பார்க்க வேண்டியிருந்தது. ஸ்ரீரங்கம் ரயில் நிலையத்து மேம்பாலப் படிகளை அத்தானே தேர்ந்தெடுத்தார். பழைய காலில் படியேறும்போது, நல்ல காலை ஒரு படி மேலே வைத்து மற்றதை அதே படிக்கு இழுத்துக்கொள்வார். குழந்தைகள் ஏறுவது போல. அன்று அந்தப் பெண், கல்யாண மாப்பிள்ளைக்குக் குடை பிடிப்பவளைப் போல லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தாள். வரமாட்டேன் என்று சொன்ன அக்காவும் வந்து பிளாட்பாரத்துச் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

அத்தான் முதல் படியில் வலது காலை வைத்தார். அடுத்த படியில் இடது கால், மெல்லிய ரீங்காரத்தோடு மடங்கி, உயர்ந்து, உட்கார்ந்தது. அதற்கு மேல் வலது. கைப்பிடியைத் தொடவில்லை. கீரைக்கட்டோடு இறங்கி வந்த ஒரு அம்மாள், "வழி விட்டு ஏறுங்க, நடுவுல போறீங்க" என்று அதட்டிவிட்டுப் போனார். முழுக்காலோடு ஏறும் மனிதருக்குக் கிடைக்கிற திட்டு அது. அத்தான் மேலே போய்த் திரும்பி நின்று எங்களைப் பார்த்துக் கையசைத்தார். ஒரு வார்த்தை கேலி இல்லை.

நான் அக்காவைப் பார்த்தேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்கு முன்பு பெண் பார்க்க வந்தபோது அத்தான் எங்கள் வீட்டு மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறிப் போனாராம். "அதப் பாத்துட்டுத்தான்டி சரின்னேன்" என்றாள். அதுவரை அதை என்னிடம் அவள் சொன்னதில்லை.

சோதனை முடிந்ததும் காலைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. ஒன்றே ஒன்றுதான் செய்திருந்தார்கள், அதைப் பிரித்து அடுத்ததைச் செய்ய வேண்டும். எனக்கு இது முன்பே தெரியும், அத்தானுக்கும் தெரியும். அக்காவுக்கும் சொல்லியிருந்தோம், இருந்தாலும் அவள் எங்களோடு துவாக்குடிக்கு வந்தாள். அந்தப் பெண் வழக்கமான கேள்விகளைக் கேட்டாள்.

"முன்னாடி இருந்த காலோட ஒப்பிட்டா இது எப்படி இருக்கு அங்கிள்?"

"ரெண்டாவது காலைவிட ரொம்ப நல்லா இருக்கு. முதல் காலுக்குக் கிட்டயே வரலை. அதுக்கு பேட்டரியே கிடையாது."

அவள் சிரிக்கவில்லை. அந்தப் பதிலை அப்படியே எழுதிக்கொண்டாள். அடுத்த தடவை கருத்தரங்கில் அந்தப் போர்க்காலப் படத்தைக் காட்டும்போது தூண்டுதல் என்ற வார்த்தையை விட்டுவிட்டு, இவர்கள் யாரும் இதைக் கேட்டு வாங்கவில்லை என்று மட்டும் சொன்னாளாம். அது எனக்குப் பிற்பாடு தெரிய வந்தது.

பழைய காலை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினோம். அத்தானை முதலில் ஏற்றிவிட்டு அக்கா என் காதோரம், "காசு கீசு குடுத்துக்கூட வாங்க முடியாதாடி?" என்றாள். முடியாது என்றேன். திருவெறும்பூர் போனது, காட்டூர் போனது. அத்தான் ஜன்னல் வழியாகவே பார்த்துக்கொண்டு வந்தார். அவர் அத்தனை நேரம் பேசாமல் இருந்து நான் கண்டதில்லை. அரியமங்கலத்தில் பஸ் நெரிசலில் நின்றது. அக்கா அவர் பக்கம் திரும்பினாள்.

"என்னங்க, புதுசு போயிருச்சுன்னு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டீங்களா? வேற கால்தான் வேணும்னு ஒத்தைக்கால்ல நின்னா, நான் எங்க போறது?"

அத்தான் அவளை நம்ப முடியாதவர் போலப் பார்த்தார். பிறகு சிரித்த சிரிப்பில் கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பினார். அக்காவும் சிரித்தாள், ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, தோள் குலுங்க.